போதுமென்ற கணினி

1980-களின் நடுப்பகுதியில் நான் கோவையில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தேன். பீளமேட்டில் வசித்த உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியைக் கொண்டுவந்திருந்தார். விசைப்பலகைக்குள்ளேயே கணினி அடங்கியிருக்கும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான். அதனோடு நெகிழ்வட்டு இயக்கி ஒன்றும் இருந்தது. ஒரு நிரலை அதிலிருந்து கணினிக்குள் ஏற்றுவதற்குள் அத்தை போட்டுக் கொடுத்த காபியை ஆற அமரக் குடித்து முடித்துவிடலாம். நொடிக்கு ஏறத்தாழ 400 பைட்டுகள்தான் வட்டிலிருந்து வந்து சேரும். 40 கிலோபைட் நிரலுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும்.

அடுத்த முறை வந்தபோது அவர் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய செருகுபெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கார்ட்ரிட்ஜ் என்பார்கள். கணினியின் பின்புறத் துளையில் அதைச் செருகி மின்விசையைப் போட்டதும், அதே வட்டு, அதே இயக்கி, அதே கணினி ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கின. காபி ஆறும் முன்பே நிரல் தயார்.

அதன் சூட்சுமத்தைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். அந்த இயக்கிக்குள்ளும் தனியாக ஒரு செயலி உண்டு. கணினியும் இயக்கியும் பேசிக்கொள்ளும் முறையில்தான் தாமதம் இருந்தது. வட்டின் சுழற்சியில் அல்ல. செருகுபெட்டியில் உள்ள நிரல், மின்விசை போட்ட கணமே நினைவகத்தின் ஒரு பகுதியாகக் காட்சி தரும். அதை ஏற்றவேண்டிய தேவையே இல்லை. அது இயக்கிக்கு ஒரு சிறு கட்டளைத் தொடரை அனுப்பி, இருவருக்கும் புதிய, சுருக்கமான உரையாடல் முறையைக் கற்றுக் கொடுத்துவிடும்.

பொருளியல் மாணவனான என்னை ஈர்த்தது வேறொரு செய்தி. அந்தச் செருகுபெட்டியைத் தயாரித்தது கணினியைத் தயாரித்த நிறுவனமன்று. யாரோ ஒரு மூன்றாம் தரப்பினர். ஒருவர் செய்த பொருளின் குறையை இன்னொருவர் நிவர்த்தி செய்து விற்கிறார். முதலாமவர் அதைத் தடுக்கவில்லை. கணபதியிலும் சிங்காநல்லூரிலும் உள்ள பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதன்று. ஒரு நிறுவனத்தின் பம்புசெட்டுக்கு இன்னொருவர் வார்த்த இம்பெல்லர் பொருந்தும். அப்படிப் பொருந்துவதால்தான் கொங்கு மண்ணின் கிணறுகளில் மோட்டார் நிற்காமல் ஓடியது. இந்தப் பொருந்துதல் கணினி உலகில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை தேடிப் படித்தபோதுதான், திருவண்ணாமலையில் ஓடியாடி வளர்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று. அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன்.

ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6 அன்று பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அங்குள்ள சூலலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். தாய் லூசியா போலந்து நாட்டவர். ரமண மகரிஷியின்பால் ஈடுபாடு கொண்ட அக்குடும்பம் 1941-இல் இந்தியா வந்தது. தாயும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கினர்; பணிக்காகச் சயாம் திரும்பிய தந்தை, ஜப்பானியப் படையினரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து 1945-இல்தான் அவரால் குடும்பத்தோடு சேர முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அருணாசல மலையடிவாரத்தில், ஆசிரமத்தின் அண்மையில், தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தான் சிறுவன் ஆடம். தந்தை ஆர்தர் பிற்காலத்தில் மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும், 1964-இல் ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கியதும் ஆன்மிக வாசகர்கள் நன்கறிந்தவை.

கொடைக்கானலில் உள்ள பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற ஆடம், 1950-களில் இங்கிலாந்து சென்றார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1961-இல் வேதிப் பொறியியல் பட்டமும், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968-இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பெரிய நிறுவனத்தின் படிநிலைகளுக்குள் பொருந்திப் போகும் இயல்பு அவருக்கு இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளியேறி, கணினிகளுக்கான விளக்கக் கையேடுகளை எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார்.

அப்போது நுண்செயலி பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதைத் தயாரித்தவர்கள் எழுதிய குறிப்புகள் பொறியாளர்களுக்கே விளங்காத நடையில் இருந்தன. நுண்கணினிகளுக்கு ஓர் அறிமுக நூலை எழுதிய ஆஸ்போர்ன், அதைத் தாமே பதிப்பித்தார். கலிபோர்னியாவில் கணினி ஆர்வலர்கள் கூடும் ஹோம்ப்ரூ கழகக் கூட்டங்களுக்குப் பெட்டியில் சுமந்து சென்று விற்றார். இம்சாய் என்ற நிறுவனம் தன் ஒவ்வொரு கணினியோடும் அந்நூலின் படி ஒன்றைச் சேர்த்து வழங்கியது. ஒரு பொருளோடு இன்னொரு பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே நன்றாக விற்கும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும். 1979-இல் அவருடைய பதிப்பகத்தை மெக்ரா-ஹில் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

கையில் பணம் வந்ததும், பத்திரிகைப் பத்திகளில் கணினி நிறுவனங்களைச் சாடிக்கொண்டிருந்த விமர்சகர், தாமே ஒரு கணினி செய்து காட்ட முன்வந்தார். அவருடைய குற்றச்சாட்டு எளிமையானது. கணினி விற்பவர்கள் வெறும் பெட்டியை விற்கிறார்கள். திரை, வட்டு இயக்கி, மென்பொருள் ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் தனித்தனியே தேடி அலையவேண்டியிருக்கிறது. இந்த அலைச்சலைத் தவிர்க்க விரும்பிய ஆஸ்போர்ன், லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற வடிவமைப்பாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் ஆஸ்போர்ன் 1 அறிமுகமாயிற்று.

வணிக வெற்றி பெற்ற முதல் கையடக்கக் கணினி என்று அதனைக் குறிப்பிடுகிறார்கள். கையடக்கம் என்ற சொல்லைக் கேட்டு இன்றைய மடிக்கணினியைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. எடை சுமார் 11 கிலோ. தையல் இயந்திரப் பெட்டி போன்ற உருவம், மூடியே விசைப்பலகை. நடுவில் ஐந்து அங்குலத் திரை. ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். இருபுறமும் இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள். 64 கிலோபைட் நினைவகம். விமான இருக்கைக்கு அடியில் வைக்கும்படியான அளவு. விலை 1,795 டாலர்.

அந்த விலைக்குள் சிபி/எம் இயங்குதளம், வேர்ட்ஸ்டார் சொல்செயலி, சூப்பர்கால்க் விரிதாள், பேசிக் மொழிகள் ஆகிய அனைத்தும் அடங்கியிருந்தன. தனியே வாங்கினால் மென்பொருளுக்கு மட்டுமே ஏறத்தாழ 1,500 டாலர் ஆகியிருக்கும். மென்பொருளை எழுத ஆகும் செலவு பெரிது. அதன் அடுத்த படியை எடுக்க ஆகும் செலவு ஒரு வட்டின் விலைதான். இறுதிநிலைச் செலவு பூச்சியத்தை நெருங்கும் பொருளை வேறொன்றோடு கட்டி விற்பதால் கிடைக்கும் ஆதாயத்தைப் பொருளியலாளர்கள் 1970-களில் கோட்பாடாக எழுதினார்கள். ஆஸ்போர்ன் அதைக் கடைத்தெருவில் நடத்திக் காட்டினார். உச்சத்தில் மாதத்துக்கு 10,000 கணினிகள் விற்றன.

அவருடைய வடிவமைப்புக் கொள்கையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: போதும். வேலைக்குப் போதுமான தரம் இருந்தால் அதுவே நிறைவு; அதற்குமேல் உள்ளதெல்லாம் மிகை என்பதே அவர் நிலைப்பாடு. போதுமென்ற மனத்தைப் பொன் செய்யும் மருந்தாகக் கருதும் மண்ணில் வளர்ந்தவரிடம் இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால், உலகக் கணினிச் சந்தை அந்தச் சொல்லுக்குச் செவிசாய்த்தது என்பது வரலாறு.

போதும் என்பதன் எல்லையும் விரைவிலேயே தெரியவந்தது. ஆஸ்போர்ன் 1 கணினியின் வட்டில் 40 தடங்கள். தடத்துக்கு 10 பகுதிகள். பகுதிக்கு 256 பைட்டுகள். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 1,02,400 பைட்டுகள். இயங்குதளத்துக்கு ஒதுக்கியது போக எஞ்சுவது சுமார் 92 கிலோபைட். ஒரு நீண்ட அத்தியாயத்தை எழுதினாலே வட்டு நிறைந்துவிடும். பின்னர் இரட்டை அடர்த்தி மேம்பாடு வந்தது. பழைய முறையில் ஒவ்வொரு தகவல் துடிப்புக்கும் முன்னால் ஒரு காலத் துடிப்பும் பதியப்படும்; புதிய முறை அந்தக் காலத் துடிப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு, அந்த இடத்திலும் தகவலையே பதித்தது. தென்னை வரிசைகளுக்கிடையே ஊடுபயிர் செய்வது போல, வட்டும் அதன் சுழற்சியும் மாறாமலே கொள்ளளவு இரு மடங்கானது. ஒரே சுற்றில் படிக்கக் கிடைக்கும் தகவலும் இரு மடங்கானது.

அக்கால வட்டுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. நிமிடத்துக்கு 300 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். படித்த பகுதியைக் கணினி உள்வாங்கி முடிப்பதற்குள் அடுத்த பகுதி கடந்து போய்விட்டால், அது மறுபடி வர முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். காந்திபுரத்தில் கண்ணெதிரே பேருந்தைத் தவறவிட்டவரின் நிலைதான். ஆகவே, பகுதிகளை அடுத்தடுத்து எண்ணாமல் இடைவெளி விட்டு எண்ணி வைத்தார்கள். அந்த இடைவெளியைச் சரியாகக் கணித்து மாற்றினாலே வேகம் கூடிவிடும். ஒரு ரூபாய் உதிரிப்பாகமும் தேவையில்லை.

ஆஸ்போர்னின் வீழ்ச்சி அவருடைய எழுச்சியைவிடப் புகழ்பெற்றது. 1982-இல் கேப்ரோ நிறுவனம் ஏறத்தாழ அதே விலையில் ஒன்பது அங்குலத் திரையோடு போட்டிக்கு வந்தது. ஐபிஎம் கணினியும் அதனோடு ஒத்தியங்கும் காம்பாக் கணினியும் சந்தையின் திசையையே மாற்றின. இந்நிலையில் 1983-இன் தொடக்கத்தில், அடுத்து வரவிருக்கும் எக்ஸிக்யூட்டிவ் முதலான கணினிகளைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே பேசிவிட்டார். புதியது வரப்போகிறது என்று தெரிந்த பிறகு பழையதை யார் வாங்குவார்? விற்பனையாளர்கள் கொள்முதலை நிறுத்தினர். கிடங்கில் சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பர் 13 அன்று நிறுவனம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. தன் எதிர்காலப் பொருளை அறிவித்து நிகழ்காலப் பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு ஆஸ்போர்ன் விளைவு என்ற பெயர் இன்றுவரை வழங்கி வருகிறது.

வகுப்பறையில் பல ஆண்டுகள் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லியிருக்கிறேன். நீடித்து உழைக்கும் பொருளை வாங்குபவர் எதிர்கால விலையையும் எண்ணியே இன்று முடிவெடுக்கிறார் என்பதை 1972-இல் ரொனால்ட் கோஸ் விளக்கியிருந்தார். ஆஸ்போர்னின் கதை அதற்குக் கச்சிதமான சான்று என்றே நானும் கற்பித்தேன். இப்போது அந்தக் கச்சிதத்தின் மீது எனக்கு ஐயம் உண்டு. அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் பின்னாளில் வேறொரு கணக்கைச் சொன்னார்கள். பழைய கணினிக்கான 1,50,000 டாலர் மதிப்புள்ள மின்சுற்றுப் பலகைகள் மிச்சமிருப்பதைக் கண்ட மேலாளர்கள், அவற்றை வீணாக்கக் கூடாது என்று எண்ணி, முழுக் கணினியாக்குவதற்கு மேலும் 20 லட்சம் டாலர் செலவழிக்கத் துணிந்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. மூழ்கிய செலவை மீட்கப் போய் மொத்தமும் மூழ்கிய கதை இது. ஒரு மனிதரின் நாவைக் குற்றம் சொல்வது எளிது. போட்டி, தாமதம், தவறான கணக்கு ஆகியவற்றின் கூட்டுவிளைவுக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டோம் என்பதே என் இன்றைய கருத்து.

விழுந்தவர் ஓராண்டில் எழுந்தார். 1984-இல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மலிவுப் பதிப்பு நூல் போல மென்பொருளும் எளிய விலையில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அவருடைய விபி-பிளானர் என்ற விரிதாள் சுமார் 100 டாலருக்குக் கிடைத்தது. சந்தையை ஆண்ட லோட்டஸ் 1-2-3 விலை 495 டாலர். லோட்டஸில் பழகியவர்கள் புதிதாக எதையும் கற்காமல் மாறிக்கொள்ளும்படி, கட்டளைகளின் வரிசையை ஆஸ்போர்ன் அப்படியே அமைத்திருந்தார். நிரலின் உள்ளே இருந்தது சொந்த எழுத்து. பயனரின் விரல்கள் தொடும் வரிசை மட்டும் லோட்டஸ் போன்றது. மோட்டாரை மாற்றினாலும் பைப்பின் மரையை மாற்றக் கூடாது என்று நம் பட்டறைக்காரர் கருதுவது போன்ற ஏற்பாடுதான் அது.

1987-இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. 1990 ஜூனில் நீதிபதி ராபர்ட் கீட்டன், அந்தக் கட்டளை அமைப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தார். விபி-பிளானர் சந்தையிலிருந்து விலகியது. ஆஸ்போர்னும் நிறுவனத்திலிருந்து விலகினார். வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே வாடிக்கையாளரும் முதலீட்டாளரும் ஒதுங்கிவிட்டிருந்தனர். தீர்ப்பு எதுவாயினும், வழக்கே தண்டனையாகிவிட்டது.

காலம் தாழ்ந்து நியாயம் வந்தது. ஆனால், அவருக்கு வரவில்லை. போர்லாண்ட் என்ற நிறுவனத்தின் மீது லோட்டஸ் தொடுத்த இதே போன்ற வழக்கில், கட்டளை வரிசை என்பது இயந்திரத்தை இயக்கும் முறையே. அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனச் சமமாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஆஸ்போர்ன் எதற்காக நின்றாரோ, அது ஆறு ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி ஏற்கப்பட்டது. அதற்குள் அவருடைய கடையை மூடியாயிற்று.

1992-இல் செயற்கை நுண்ணறிவு சார்ந்த மென்பொருளுக்காக நோயட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உடல் ஒத்துழைக்கவில்லை. மூளையைத் தாக்கிய நோய் அவரை மெல்ல மெல்லச் சாய்த்தது. இந்தியா திரும்பிய அவர், சகோதரியின் அரவணைப்பில், தாம் எழுதப் படிக்கக் கற்ற கொடைக்கானலிலேயே இறுதி ஆண்டுகளைக் கழித்து, 2003 மார்ச் 18 அன்று 64-ஆம் வயதில் காலமானார். கணினித் துறையில் பல்லாயிரம் இளைஞர்களை உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த தமிழ்நாட்டின் மலையுச்சியில், கணினியைப் பெட்டியில் அடைத்துக் கையில் கொடுத்தவர் அதிகம் பேர் அறியாமல் வாழ்ந்து மறைந்தார்.

கோவையிலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானல் சில மணி நேரப் பயணம்தான். அவர் அங்கிருந்த ஆண்டுகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுலாவாக அம்மலைக்கு நான் சென்றிருக்கிறேன். அவர் பெயரால் வழங்கும் விளைவைப் பேருந்தில் வைத்து விளக்கியதும் நினைவிருக்கிறது. அந்த மனிதர் அதே ஊரில் படுக்கையில் இருக்கிறார் என்பதை அறியாமலே திரும்பினேன். கோட்பாட்டின் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயருக்கு உரியவரைத் தெரிந்துகொள்ளாமல் இருந்த என் அறியாமைக்காக இன்றும் வருந்துகிறேன். என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ததே அவர் கணினியோடு சேர்த்துக் கொடுத்துப் பரவலாக்கிய வேர்ட்ஸ்டார் சொல்செயலியில்தான்.

இந்த வாழ்க்கை வரலாறு வெறும் நினைவுக் குறிப்பன்று. இன்று கொங்கு மண்டலத்தின் பட்டறைகளில் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் ஓடுகின்றன. தறிக்கூடங்களில் மின்னணுப் பலகைகள் வந்துவிட்டன. டிராக்டருக்குள்ளும் மென்பொருள் இருக்கிறது. பழுதான பலகையை உள்ளூரில் சரிசெய்ய முடிந்தாலும் கடவுச்சொல் தடுக்கிறது. இன்னொருவர் செய்த உணரியைப் பொருத்தினால் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. கைத்திறன் இருந்தும் கதவு பூட்டியிருக்கிறது. செருகுவதற்குத் துளையே இல்லாத கணினி போல இன்றைய இயந்திரங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்ததும் இணையவாசல் தொடங்கியதும் நல்ல தொடக்கம். ஆனால், உரிமை என்பது அறிவிப்பிலிருந்து சட்டத்துக்கு நகர வேண்டும். சிறு, குறு தொழில்களின் அமைப்புகள் மின்கட்டணத்துக்குக் குரல் கொடுப்பது போல இதற்கும் குரல் கொடுக்க வேண்டும்.

பொருளைக் கண்டுபிடித்தவருக்கு உரிய வெகுமதி கிடைத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், பொருளுக்குச் சொந்தம் கொண்டாடுவதும், அப்பொருளோடு பிறர் பொருந்தும் இடத்துக்கே வேலி போடுவதும் ஒன்றல்ல. தோட்டம் அவருடையதாக இருக்கலாம். வண்டித்தடம் ஊருக்குப் பொது. வண்டித்தடத்தை மறித்தால் நட்டப்படுவது அண்டைக்காரர் மட்டுமல்லர், ஊரே என்பது கொங்கு நாட்டு விவசாயி ஒவ்வொருவரும் அறிந்த நியாயம். அந்த நியாயத்தை அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றவர், நம் திருவண்ணாமலைத் தெருக்களில் விளையாடிய பிள்ளை.

வகுப்பறைகளில் இனியும் ஆஸ்போர்ன் விளைவைக் கற்பிக்கட்டும். கூடவே, அவர் தோற்ற வழக்கையும் கற்பிக்கட்டும். அவர் நாவால் இழந்ததைவிட, நியாயத்துக்காக இழந்ததே நம் தொழில் நகரங்களுக்கு அதிகம் தேவைப்படும் பாடம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)